மகள் நீமோ மீன் கேட்கிறாள், சேலத்தில் வாங்கி வளர்க்கலாமா?

கன்னங்குறிச்சி அம்மா
சனிக்கிழமை, இரவு 9.40

எல்லோருக்கும் வணக்கம். காலாண்டு விடுமுறையில் மகளுக்கு ஃபைண்டிங் நீமோ படம் போட்டுக் காட்டினோம். அவளுக்கு ஆறு வயது. கடலை இதுவரை பார்த்ததில்லை. அவள் பார்த்த பெரிய தண்ணீர் என்றால் வீட்டுக்குப் பக்கத்தில் இருக்கும் மூக்கனேரியும், ஒரு முறை போய்வந்த மேட்டூர் அணையும்தான். படம் ஆங்கிலத்தில் ஓடியது. நான் பக்கத்தில் உட்கார்ந்து ஒவ்வொரு காட்சியையும் தமிழில் சொல்லிக்கொண்டே வந்தேன். மறதிக்கார நீல மீன் டோரி திமிங்கிலத்தோடு பேசும் இடத்தில் நாங்கள் இரண்டு பேரும் சேர்ந்து ராகம் இழுத்ததில், கீழ்வீட்டுக்காரர்கள் என்னவோ ஏதோ என்று படியேறி வந்துவிட்டார்கள். அவ்வளவு சிரிப்பு.

இப்போது இரண்டு விஷயம் என்னை உறுத்துகிறது.

ஆரம்பத்தில் பெரிய பல்லுள்ள மீன் ஒன்று வந்து அம்மா மீனையும் முட்டைகளையும் தின்றுவிடுகிறது. ஒரே ஒரு முட்டைதான் மிச்சம், அதுதான் நீமோ. மகள் "அம்மா மீன் எங்கே?" என்று கேட்டாள். எனக்கு வாய் வரவில்லை. "ஊருக்குப் போயிருக்கிறது" என்று சொல்லிவிட்டேன். படம் முடியும் வரை, அப்புறம் தூங்கப் போகும்போதும், "அம்மா மீன் எப்போ வரும்?" என்று கேட்டுக்கொண்டே இருந்தாள்.

இன்னொன்று, அடுத்த மாதம் அவளுக்குப் பிறந்த நாள். நீமோ மீன்தான் வேண்டுமாம். டவுனில் ஒரு மீன்கடையில் ஆரஞ்சு உடம்பில் வெள்ளைப் பட்டையோடு அதே மீன் இருக்கிறது. தொட்டி, மோட்டார், மீன் எல்லாம் சேர்த்துத் தருகிறேன், தண்ணீரில் உப்புப் போட்டால் போதும் என்றார் கடைக்காரர். வீட்டுக்காரர் வாங்கிவிடலாம் என்கிறார். வளர்த்தவர்கள் யாராவது சொல்லுங்கள்.

தொட்டிமீன்
சனிக்கிழமை, இரவு 10.15

வாங்காதீர்கள். பன்னிரண்டு வருடமாக வீட்டில் தொட்டி வைத்து மீன் வளர்க்கிறவனாகத்தான் இதைச் சொல்கிறேன்.

"உப்புப் போட்டால் போதும்" என்ற பேச்சை நம்பி நானும் ஒரு ஜோடி வாங்கினேன். எந்த உப்பு என்று அப்போது கேட்கத் தோன்றவில்லை. சமையல் உப்பு கூடாது. கடல் தொட்டிக்கென்றே விற்கும் உப்புக் கலவை வேண்டும், லிட்டருக்கு 35 கிராம் கணக்கு. 100 லிட்டர் தொட்டிக்கு மூன்றரை கிலோ. அதையும் குழாய்த் தண்ணீரில் கரைக்காமல் ஆர்.ஓ. தண்ணீரில்தான் கரைக்க வேண்டும். கரைத்த கையோடு மீனை விடவும் முடியாது. மீனின் கழிவிலிருந்து அமோனியா வரும், அது மீனுக்கு விஷம். அமோனியாவை நைட்ரைட்டாகவும், நைட்ரைட்டை நைட்ரேட்டாகவும் மாற்றுகிற பாக்டீரியா தொட்டிக்குள் குடியேற நான்கு முதல் ஆறு வாரம் ஆகும். அதுவரை தொட்டி மீன் இல்லாமல் ஓட வேண்டும்.

எனக்கு இதை யாரும் சொல்லவில்லை. தொட்டி, தண்ணீர், மீன் எல்லாம் ஒரே மாலையில் வீட்டுக்கு வந்தன. ஐந்தாம் நாள் காலையில் ஒன்று போனது, அன்று மாலை இன்னொன்று. மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடிக்கொண்டிருந்தது இன்னும் கண்ணில் நிற்கிறது. என் பையனுக்கு அப்போது எட்டு வயது. இரண்டையும் வாழை இலையில் சுற்றி மாடிப் பூந்தொட்டியில் புதைத்தான்.

அப்புறம் நம் ஊர் வெயில். இந்த மீனுக்கு 24லிருந்து 27 டிகிரிக்குள் தண்ணீர் இருந்தால் நல்லது. சித்திரை வைகாசியில் சேலம் 40ஐ நெருங்கும். தொட்டித் தண்ணீரைக் குளிர்விக்கிற மெஷின் தொட்டியை விட விலை அதிகம். வெயிலில் தண்ணீர் ஆவியாகும், உப்பு ஆவியாகாது. அதனால் நாளுக்கு நாள் உப்பு ஏறிக்கொண்டே போகும். தினமும் அளந்து நல்ல தண்ணீர் சேர்க்க வேண்டும். நான்கு நாள் ஊருக்குப் போனால் பார்த்துக்கொள்ள ஆள் வேண்டும். கரண்ட் போனால் மோட்டார் நிற்கும்.

படத்திலேயே இது இருக்கிறது, கவனித்தீர்களா? பல் டாக்டரின் தொட்டியில் அடைபட்ட மீன்கள் தப்பிக்கப் போடும் திட்டமே, வடிகட்டியில் ஒரு கூழாங்கல்லைச் சொருகி நிறுத்துவதுதான். வடிகட்டி நின்றால் தொட்டி எத்தனை சீக்கிரம் பச்சையாகிப் பாழாகும் என்று தெரிந்தவர்கள் எழுதிய கதை அது. என் வீட்டில் கல் தேவைப்படவில்லை, ஒரு நாள் முழுக்கக் கரண்ட் இல்லாததே போதுமாக இருந்தது.

ஐந்துரோடு
சனிக்கிழமை, இரவு 10.50

மீன் வளர்ப்பு பற்றி எனக்குத் தெரியாது. முதல் கேள்விக்கு மட்டும் சொல்கிறேன். என் அண்ணன் பிள்ளைகளுக்குப் போட்டபோது முதல் ஐந்து நிமிடத்தைத் தள்ளிவிட்டேன். பள்ளிக்கூடம் போகும் காட்சியிலிருந்து ஆரம்பித்தோம். குடும்பத்தோடு சிரித்துப் பார்க்க வேண்டிய படம் இது. சுறாக்கள் வட்டமாக உட்கார்ந்து இனிமேல் மீன் தின்ன மாட்டோம் என்று சத்தியம் செய்யும் இடம், கடல்காகங்கள் எல்லாம் "எனக்கு எனக்கு" என்று கத்தும் இடம், ஆமைக் குட்டிகள் நீரோட்டத்தில் சறுக்கும் இடம், இதெல்லாம் போதுமே. ஆறு வயதுப் பிள்ளைக்கு அம்மா சாவதைக் காட்டித்தான் ஆக வேண்டுமா?

குகை நெசவு
ஞாயிற்றுக்கிழமை, காலை 6.20

ஐந்துரோடு சாரின் அக்கறை புரிகிறது. ஆனால் அந்த ஐந்து நிமிடத்தை எடுத்துவிட்டால் நீமோவின் அப்பா மார்லின் வெறும் நச்சரிப்புப் பிடித்த அப்பாவாகத்தான் தெரிவார். அதைத் தொடாதே, இங்கே போகாதே, தள்ளி நில் என்று எப்போதும் பதறுகிற ஆள். ஏன் பதறுகிறார் என்று தெரிந்தால்தான் பிள்ளைகளுக்கு அவர் மேல் கோபம் வராது.

இதை ஏன் சொல்கிறேன் என்றால், என் மகனுக்குப் பிறவியிலேயே இடது கை கொஞ்சம் சிறியது. நீமோவுக்கு ஒரு பக்கத் துடுப்பு சிறியதாக இருக்குமே, அதுபோல. படத்தில் அதை அதிர்ஷ்டத் துடுப்பு என்று சொல்வார்கள். என் மகன் அதைப் பார்த்த அன்றே தன் கையை எல்லோரிடமும் காட்டி "எனக்கும் அதிர்ஷ்டக் கை" என்றான். அதுவரை முழுக்கைச் சட்டைதான் கேட்பான்.

தறிப்பக்கம் வராதே, குறுக்கே ஓடுகிற நாடா விரலை அடித்துவிடும் என்று அவனை நான் விரட்டிக்கொண்டே இருந்த காலம் அது. மற்றப் பிள்ளைகளை அப்படி விரட்டவில்லை, இவனை மட்டும்தான். படம் பார்த்த மறு வாரம் தறிக்குழியில் பக்கத்தில் உட்கார வைத்து மிதிப்பலகை மிதிக்கச் சொன்னேன். இப்போது கல்லூரி போகிறான். லீவில் வந்தால் பாவு நூல் பிணைக்க உட்காருகிறான், அந்தக் கையோடுதான்.

அம்மா மீன் செத்துப் போனதைச் சொல்லிவிடுங்கள். பிள்ளைகள் தாங்கிக்கொள்வார்கள். வரும் வரும் என்று காத்திருக்க வைப்பதுதான் பாவம்.

கடல் டீச்சர்
ஞாயிற்றுக்கிழமை, காலை 8.05

பரங்கிப்பேட்டையில் கடல் உயிரியல் படித்தேன், இப்போது சேலத்தில் பள்ளி ஆசிரியை. இந்தத் தலைப்பைப் பார்த்ததும் கை நிற்கவில்லை, கொஞ்சம் நீளமாகப் போகும்.

முதலில், அம்மாவைத் தின்ற பாரக்குடா மீன். கடற்கரையில் அதைச் சீலா என்பார்கள். நாம் குழம்பு வைக்கிற மீன்தான். அது கெட்ட மீன் இல்லை, பசித்த மீன் என்று பாப்பாவிடம் சொல்லலாம்.

நீமோவைக் கோமாளி மீன் என்கிறோம். அது குடியிருப்பது கடல்சாமந்தியில். பூ மாதிரி தெரிந்தாலும் சாமந்தி ஒரு விலங்கு, இதழ் மாதிரி இருக்கிற கைகளால் கொட்டும். மற்ற மீன் பட்டால் மரத்துப் போகும். கோமாளி மீனின் உடம்பில் இருக்கிற வழவழப்பு அதைக் காப்பாற்றுகிறது. படத்தில் பள்ளிக்குப் போகும் முன் மார்லின் நீமோவைச் சாமந்தியில் உரசிக்கொள்ளச் சொல்வது இதனால்தான். சிரிப்புக் காட்சி, ஆனால் அதற்கு அடியில் உண்மை இருக்கிறது.

முட்டையைக் காப்பது பெரும்பாலும் அப்பா என்பதும் உண்மை. சாமந்தியின் அடியில் பாறையைச் சுத்தம் செய்து, அம்மா மீன் இட்ட முட்டைகளுக்குத் துடுப்பால் விசிறிக்கொண்டே இருக்கும். கெட்டுப்போன முட்டையை வாயால் எடுத்துவிடும். ஒரு வாரம், பத்து நாள் இந்த வேலைதான்.

ஆனால் அதற்கு அப்புறம் கதை மாறுகிறது. பொரித்த குஞ்சுகள் அப்பாவோடு தங்குவதில்லை. நீரோட்டத்தில் ஒன்றிரண்டு வாரம் மிதந்து, வேறு எங்கோ ஒரு சாமந்தியில் போய்ச் சேரும். பெரும்பாலானவை வழியிலேயே போய்விடும். மகனைத் தேடிச் சிட்னி வரை நீந்துகிற அப்பா, எழுதியவர்கள் மனதில் பிறந்தவர்.

இன்னொரு செய்தி, இது பெரியவர்களுக்கு. கோமாளி மீன்கள் எல்லாம் ஆணாகத்தான் பிறக்கின்றன. ஒரு சாமந்தியில் இருப்பவற்றில் பெரியது பெண்ணாக இருக்கும். அது செத்தால், அடுத்த பெரிய ஆண் பெண்ணாக மாறும். அந்தக் கணக்கில் மார்லின் சில வாரங்களில் அம்மாவாகியிருக்க வேண்டும். ஒன்பதாம் வகுப்பில் இதைச் சொன்னபோது ஒரு மாணவி, "அப்போ நீமோவுக்கு அம்மா திரும்பக் கிடைச்சுட்டாங்களா மிஸ்?" என்று கேட்டாள். நான் பதில் சொல்லத் தெரியாமல் கொஞ்ச நேரம் நின்றேன்.

திமிங்கிலத்தின் வாய்க்குள் போன மார்லினும் டோரியும் மூச்சுத்துளை வழியாகப் பீய்ச்சி அடிக்கப்படுவார்கள். அது நடக்காது. திமிங்கிலத்துக்கு உணவு வழி வேறு, மூச்சு வழி வேறு. பரவாயில்லை, அந்தக் காட்சி இல்லாமல் அந்தப் படத்தை நினைத்துப் பார்க்க முடியவில்லை.

மீன் வாங்குவது பற்றி: கோமாளி மீனைப் பண்ணையிலேயே குஞ்சு பொரிக்க வைக்க முடியும். மண்டபத்தில் மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிறுவனத்தார் அதைச் செய்து காட்டியிருக்கிறார்கள். அதனால் கடலிலிருந்து பிடித்ததா, பண்ணையில் பிறந்ததா என்று கடையில் கேட்பது நல்லது. ஆனாலும் தொட்டிமீன் சொன்னதுதான் சரி. பண்ணை மீனும் பத்து வருடத்துக்கு மேல் வாழக்கூடியது. பத்து வருடம் பார்த்துக்கொள்ள முடியுமா என்று வீட்டில் எல்லோரும் உட்கார்ந்து பேசிவிட்டு வாங்குங்கள்.

கன்னங்குறிச்சி அம்மா
ஞாயிற்றுக்கிழமை, மதியம் 1.30

எல்லோருக்கும் நன்றி. குகை அண்ணன் எழுதியதை வீட்டுக்காரரிடம் படித்துக் காட்டினேன். அவர் எதுவும் பேசவில்லை, போனை வாங்கி இன்னொரு முறை தானே படித்தார்.

மீன் வாங்குவதில்லை என்று முடிவு. ஆனால் பிள்ளையிடம் எப்படிச் சொல்வது? "நீமோ அவங்க அப்பாகிட்டதான் இருக்கணும்" என்றேன். "கடையில இருக்கிற நீமோவோட அப்பா எங்கே?" என்கிறாள்.

ஐந்துரோடு
ஞாயிற்றுக்கிழமை, மதியம் 2.10

பாப்பா கேட்டது சரியான கேள்வி. மீனைத் தொட்டியில் அடைக்காதே என்று சொல்கிற படம், அந்த மீனையே எல்லாப் பிள்ளைகளும் கேட்கும்படி செய்துவிட்டதே. 2003ல் படம் வந்த பிறகு கடலில் இந்த மீனைப் பிடிப்பது ஏகமாகக் கூடிவிட்டது என்று அப்போது படித்த ஞாபகம். பார்க்கிறவர்களுக்குத் தெரிந்த மீனையே வைக்காமல், இல்லாத மீன் ஒன்றை வரைந்திருக்கலாம்.

கடல் டீச்சர்
ஞாயிற்றுக்கிழமை, மாலை 4.45

அப்படித்தான் வெகுநாள் எல்லோரும் சொன்னார்கள், நானும் வகுப்பில் சொல்லியிருக்கிறேன். அடுத்த படம் ஃபைண்டிங் டோரி 2016ல் வந்தது. அந்த நீல மீனை வைத்து ஒரு குழு கணக்குப் பார்த்து, 2019ல் கட்டுரை வெளியிட்டது. இணையத்தில் அந்த மீனைத் தேடியவர்கள் கூடினார்கள், ஆனால் இறக்குமதி அதனால் கூடியதாகத் தெரியவில்லை என்பதுதான் அவர்கள் கண்டது. அதைப் படித்த பிறகு நான் வகுப்பில் சொல்வதை மாற்றிக்கொண்டேன். பிள்ளைகள் கேட்கிறார்கள், அது நிஜம். கேட்டதெல்லாம் கடலிலிருந்து வீட்டுக்கு வந்துவிடுகிறது என்று சொல்ல ஆதாரம் போதவில்லை.

இல்லாத மீனை வரைந்திருக்கலாம் என்பதில் எனக்கு உடன்பாடு இல்லை. என் வகுப்பில் பவளப்பாறை என்றால் என்ன என்று கேட்டால் பிள்ளைகள் கைதூக்குவது அந்தப் படத்தால்தான். சேலத்துப் பிள்ளைகளுக்குக் கடல் வேறு எந்த வழியில் வரும்? மன்னார் வளைகுடாவிலும் கோமாளி மீன் இருக்கிறது, அங்கே 21 தீவுகளைச் சேர்த்து 1986லேயே தேசியப் பூங்கா ஆக்கியிருக்கிறார்கள் என்று சொன்னால் கண் விரிகிறது. நீமோ நம் கடலிலும் இருக்கிறதா என்று ஒரு பாடவேளை முழுக்கக் கேள்விதான்.

நாகலூர் காப்பி
ஞாயிற்றுக்கிழமை, இரவு 8.30

ஏற்காட்டிலிருந்து எழுதுகிறேன். நீமோவைப் பற்றியே பேசுகிறீர்கள், டோரியைப் பற்றி நான் கொஞ்சம் சொல்கிறேன்.

எங்கள் பாட்டிக்கு எண்பது தாண்டியதும் மறதி வந்தது. பழையது எல்லாம் நினைவிருக்கும், இப்போது சொன்னது இருக்காது. "சாப்பிட்டாச்சா?" என்று கேட்பார், சொல்வோம், ஐந்து நிமிடத்தில் மறுபடி கேட்பார். வீட்டில் எல்லோருக்கும் எரிச்சல். என் அம்மா ஒரு நாள் "எத்தனை தடவை சொல்றது!" என்று கத்திவிட்டு, அடுப்படியில் போய் அழுதார்.

மழைநாள் ஒன்றில் பிள்ளைகள் இந்தப் படத்தைப் போட்டார்கள். மலையில் மழை பிடித்தால் இரண்டு நாள் வெளியே போக முடியாது. பாட்டியும் கம்பளியைப் போர்த்திக்கொண்டு உட்கார்ந்தார். டோரி "உன்னை எங்கேயோ பார்த்திருக்கிறேனா?" என்கிற மாதிரி மார்லினைத் திரும்பத் திரும்பக் கேட்கும்போது பிள்ளைகள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். பாட்டியும் சிரித்தார். நான் என்னவென்று சொன்னதும், "பாவம், அதுக்கும் என்னை மாதிரிதான்" என்றார். பிள்ளைகள் சிரிப்பை நிறுத்தவில்லை, ஆனால் அன்றிலிருந்து பாட்டி கேட்டதையே கேட்டால் முதல் தடவை கேட்டது போலவே பதில் சொல்ல ஆரம்பித்தார்கள். டோரிக்கு மார்லின் கடைசியில் பழகிக்கொள்கிறாரே, அப்படி.

பின்னால் ஒரு செய்தி படித்தேன். 2004ல் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில், சினிமாவில் மறதி நோயை எப்படிக் காட்டுகிறார்கள் என்று ஒரு நிபுணர் எழுதிய கட்டுரையைப் பற்றியது. தலையில் அடிபட்டால் எல்லாம் மறக்கும், மறுபடி அடிபட்டால் திரும்பி வரும் என்று மற்ற படங்கள் காட்டுவதெல்லாம் தப்பு, நோயை உள்ளபடி காட்டிய சில படங்களில் இந்த நீல மீனும் ஒன்று என்று அதில் இருந்ததாம். எனக்கு ஆச்சரியமே இல்லை. டோரிக்குப் புதுப் பெயர் நிற்காது, எதற்காக வந்தோம் என்று மறந்து போகும், கூட இருந்தவர் விலகினால் எல்லாமே கலைந்துவிடும். எங்கள் பாட்டியும் அப்படியே.

பாட்டியின் கைகள் மட்டும் எதையும் மறக்கவில்லை. காப்பிக்கொட்டையை முறத்தில் போட்டுக் கொடுத்தால் கருப்புக்கொட்டையை ஒன்றுவிடாமல் பொறுக்கிவிடுவார். யார் வீட்டுக் காப்பி என்று கேட்டால் தெரியாது.

மேட்டூர்க்காரன்
ஞாயிற்றுக்கிழமை, இரவு 11.10

தங்கச்சி, நீங்கள் மூக்கனேரிப் பக்கத்திலா இருக்கிறீர்கள்? அப்படியானால் பாப்பாவுக்கு அப்பா மீனைக் காட்டக் கடலுக்குப் போக வேண்டாம். விரால் இருக்கிறதே.

விரால் குஞ்சு பார்த்திருக்கிறீர்களா? செக்கச்செவேலென்று இருக்கும், நீமோ நிறத்துக்குக் குறைவில்லை. நூற்றுக்கணக்கில் ஒரே உருண்டையாகத் திரண்டு, ஆகாயத்தாமரை ஓரமாகத் தண்ணீர் கொதிப்பது போல மேலே வந்து மேலே வந்து போகும். அடியில் தாய் தகப்பன் காவல் இருக்கும். எது பக்கத்தில் போனாலும் பாயும். பாம்பானாலும் பாயும்.

அந்தப் பாய்ச்சலை வைத்துத்தான் அதைப் பிடிக்கிறார்கள். எனக்குப் பன்னிரண்டு வயதில் வாய்க்கால் ஓரக் குட்டை ஒன்றில், உருண்டைக்கு நடுவில் தவளைத் தூண்டிலைப் போட்டேன். போட்ட வேகத்தில் அடித்தது. முழங்கை நீளம். வாழ்நாளில் நான் பிடித்த முதல் பெரிய மீன். கொஞ்ச நேரத்தில் இன்னொன்றும் மாட்டியது. இரண்டையும் தென்னங்கீற்றில் கோத்துக்கொண்டு நின்று பார்த்தேன். உருண்டை உடைந்து போய் குஞ்சுகள் கரையோரமாகச் சிதறிக் கிடந்தன. வேறு மீன்கள் வந்து தின்றன, தவளை தின்றது, கொக்கு ஒன்று நடந்து நடந்து கொத்தியது. வெயில் சாயும்போது ஒன்றுகூட இல்லை.

வீட்டில் தாத்தா மீனைத் தூக்கிப் பார்த்து, "குஞ்சோட இருந்ததா?" என்று மட்டும் கேட்டார். ஆமாம் என்றேன். அன்றைக்கு விரால் குழம்பு. தாத்தா மோர் ஊற்றிச் சாப்பிட்டு எழுந்து போய்விட்டார். திட்டவே இல்லை.

இந்தப் படத்தை நான் பார்த்தது நாற்பது வயதுக்கு மேல், பேரப்பிள்ளை முறையில் ஒரு பையனோடு. முதல் ஐந்து நிமிடத்தில் மார்லின் விழித்துப் பார்க்கும்போது முட்டைகள் இருந்த இடம் வெறுமையாக இருக்கும். எனக்கு அந்தக் குட்டைதான் ஞாபகம் வந்தது. அந்தப் பல்லுள்ள மீன் நான்தான். வெளியே வந்து உட்கார்ந்துவிட்டேன்.

இப்போதும் மீன் பிடிக்கிறேன், விரால் பிடிக்கிறேன். குஞ்சோடு இருக்கிறதைத் தொடுவதில்லை. ஐப்பசி மழைக்கு ஏரி நிறைந்ததும் காலை நேரத்தில் கூட்டிப் போய்க் காட்டுங்கள்.

கடல் டீச்சர்
திங்கள்கிழமை, காலை 6.50

அண்ணன் எழுதியதை வகுப்பில் படித்துக் காட்டப் போகிறேன், அனுமதி கொடுங்கள்.

அவர் சொன்ன அத்தனையும் சரி. விராலுக்குச் செவுள் மட்டும் போதாது, மேலே வந்து காற்றை நேராகக் குடித்தாக வேண்டும். அதனால்தான் உருண்டை மேலே வந்து மேலே வந்து போகிறது, தண்ணீர் கொதிப்பது போலத் தெரிகிறது. அப்படி மேலே வரும் நேரம்தான் ஆபத்து, அதனால்தான் பெற்றவை அடியிலேயே நிற்கின்றன. கொஞ்சம் வளர்ந்து நிறம் மங்கும் வரை கூடவே இருக்கும்.

நேற்று நான், குஞ்சோடு வாழ்கிற அப்பா மீன் எழுதியவர்கள் மனதில் பிறந்தது என்று எழுதினேன். கோமாளி மீனுக்குத்தான் அது பொருந்தும். பிள்ளையோடு இருந்து காக்கிற அப்பா நம் ஏரியிலேயே இருக்கிறது, நான் அதைச் சொல்லாமல் விட்டுவிட்டேன். ஜிலேபிக் கெண்டையையும் சேர்த்துக்கொள்ளுங்கள். அதில் அம்மா முட்டையை வாயிலேயே வைத்துப் பொரிக்கும், ஆபத்து வந்தால் குஞ்சுகள் மறுபடி அம்மாவின் வாய்க்குள் ஓடிவிடும்.

தொட்டிமீன்
திங்கள்கிழமை, காலை 9.15

முன்கூட்டியே ஒன்று சொல்லிவிடுகிறேன்: விரால் குஞ்சை வலை போட்டுப் பிடித்து வந்து தொட்டியில் விட நினைக்காதீர்கள். அழகாக இருக்கிறதே என்று எடுத்து வந்தவர்களைப் பார்த்திருக்கிறேன். குஞ்சு ஒன்றையொன்று தின்னும், வளர்ந்தால் தொட்டியிலிருந்து குதிக்கும்.

பிறந்த நாளுக்குத் தொட்டி வேண்டும் என்றால் கப்பி வாங்குங்கள். நல்ல தண்ணீர் மீன், நம் வெயிலைத் தாங்கும், முட்டையிடாமல் குட்டி போடும். தொட்டியை மூன்று வாரம் முன்னாலேயே ஓட விடுங்கள், என் தொட்டியின் வடிகட்டிப் பஞ்சில் கொஞ்சம் தருகிறேன், அதில் பாக்டீரியா இருக்கும். பாசி நிறையப் போடுங்கள், இல்லையென்றால் பெரிய கப்பி குட்டிகளைத் தின்றுவிடும். அதைப் பார்த்துப் பாப்பா என்ன கேட்பாள் என்பதற்கு நான் பொறுப்பில்லை, டீச்சரைக் கேளுங்கள்.

ஐந்துரோடு
திங்கள்கிழமை, இரவு 9.00

நேற்று இரவு படத்தை முதலிலிருந்து மறுபடி பார்த்தேன், எதையும் தள்ளாமல். குகை அண்ணன் சொன்னது சரி. பள்ளிக்கூடக் காட்சி வேறு மாதிரி தெரிகிறது. மார்லின் எத்தனை தடவை எட்டிப் பார்த்துவிட்டு வீட்டை விட்டு வெளியே வருகிறார் என்பதற்கு முன்பு சிரித்தேன், இந்தத் தடவை சிரிப்போடு தொண்டையும் அடைத்தது. அண்ணன் பிள்ளைகளுக்கு மறுபடி போட்டுக் காட்டப் போகிறேன்.

கன்னங்குறிச்சி அம்மா
மூன்று வாரம் கழித்து, ஞாயிற்றுக்கிழமை, மதியம் 12.20

தாமதமாக வருகிறேன், மன்னிக்கவும்.

முதலில் அம்மா மீன் விஷயம். சொல்லிவிட்டேன். "ஊருக்குப் போகலை, செத்துப் போச்சு, அம்மா உன்கிட்ட தப்பா சொல்லிட்டேன்" என்றேன். அழுவாள் என்று நினைத்தேன். "அதான் அவங்க அப்பா அவ்ளோ பயப்படுறாரா?" என்றாள். அவ்வளவுதான். மறுபடி படம் போடச் சொன்னாள். பாரக்குடா வரும்போது என் கையைப் பிடித்துக்கொண்டாள், கண்ணை மூடவில்லை.

மழைக்கு ஏரிக்கு நல்ல தண்ணீர் வந்திருக்கிறது. சேர்வராயன் மலையில் பெய்தால் இரண்டு நாளில் இங்கே தெரிந்துவிடும். போன ஞாயிறு போனோம், விரால் தென்படவில்லை. நாரைகளையும், ஏரிக்கு நடுவில் தீவுத் திட்டுகளில் நிற்கும் மரங்களையும் பார்த்துவிட்டு வந்தோம். இன்று காலை ஆறரைக்கே கிளம்பினோம்.

மேட்டூர் அண்ணா, நீங்கள் சொன்ன மாதிரியே இருந்தது. ஆகாயத்தாமரை ஓரமாகத் தண்ணீர் கொதித்தது. வீட்டுக்காரர்தான் முதலில் பார்த்தார். செங்காவி நிறத்தில் ஒரு உருண்டை, உள்ளே போகும், ஒரு நிமிடம் ஆகும், மறுபடி ஒரு கை தள்ளி மேலே வரும். மகள் வாயைத் திறக்கவே இல்லை. இருபது நிமிடம் குத்துக்கால் போட்டு உட்கார்ந்திருந்தாள். "அப்பா எங்கே, அப்பா எங்கே" என்று என் காதில் மட்டும் மெதுவாகக் கேட்டுக்கொண்டிருந்தாள். அப்புறம் உருண்டைக்குக் கீழே கருப்பாக ஒரு தலை எழும்பி, ஒரு வாய் காற்றுக் குடித்துவிட்டு இறங்கியது. அவள் எழுந்து நின்று கையாட்டினாள்.

கொஞ்ச தூரத்தில் ஒருவர் தூண்டிலோடு வந்துகொண்டிருந்தார். எனக்குப் பகீர் என்றது. வீட்டுக்காரர் போய்ப் பேசினார். அதட்டிப் பேசாமல், மகளைக் காட்டி ஏதோ சொன்னார். அந்த ஆள் வந்து எட்டிப் பார்த்தார். "குஞ்சா இருக்குதா? சரி பாப்பா, நான் அந்தப் பக்கம் போறேன்" என்று நடந்துவிட்டார்.

பிறந்த நாளுக்குக் கப்பிதான். தொட்டி இரண்டு வாரமாக ஓடுகிறது, தொட்டிமீன் அண்ணா கொடுத்த பஞ்சும் போட்டாயிற்று. பார்க்க நினைக்கிறவர்களுக்குச் சொல்கிறேன், நாங்கள் நின்றது (இந்த இடம் நீக்கப்பட்டது)

மேட்டூர்க்காரன்
ஞாயிற்றுக்கிழமை, மதியம் 12.35

தங்கச்சி, படித்துக் கண் கலங்கிவிட்டது. ஒரு வேண்டுகோள். எந்தக் கரை, எந்த மரத்தடி என்று எழுதியிருப்பதை உடனே எடுத்துவிடுங்கள். தூண்டில்காரர்களும் இதைப் படிப்பார்கள். குஞ்சு நிறம் மாற இன்னும் சில வாரம் ஆகும்.

கன்னங்குறிச்சி அம்மா
ஞாயிற்றுக்கிழமை, மதியம் 12.41

எடுத்துவிட்டேன் அண்ணா. எனக்குத் தோன்றவே இல்லை. நாளைக் காலை பள்ளிக்கூடத்துக்கு முன்னால் ஒரு நடை போய்ப் பார்த்துவிட்டு வருகிறோம்.